அணில் பையனும் வெள்ளிக் கெண்டியும்

தூரிகை சொன்ன வரலாறு – 7

முதலில் படத்தைப் பார்த்துவிடுவோம். ஆள் யார், ஊர் எது என்பதெல்லாம் பிறகு.

ஒரு பையன் மேசை முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பதினாறு வயது இருக்கும். பக்கவாட்டில் திரும்பி எங்கேயோ தூரத்தில் பார்க்கிறான். கோட்டில் இளஞ்சிவப்புக் காலர், முதுகுக்குப் பின்னால் சிவப்புத் திரை. மேசைமேல் ஒரு சின்ன அணில் கொட்டையைக் கொறித்துக்கொண்டிருக்கிறது. நம் ஊர் அணில் இல்லை. முதுகில் மூன்று கோடு கிடையாது. இது பறக்கும் அணில். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே மடிந்து கிடக்கும் தோலை விரித்துக்கொண்டு மரத்துக்கு மரம் மிதந்து போகிற வகை. அதைக் கட்டிய மெல்லிய தங்கச் சங்கிலி பையனின் விரல்களில் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர், அதில் தண்ணீர்.

இந்தப் படத்தை ஒரு நூலகத்தில் பிள்ளைகளுக்குக் காட்டினேன். “அணில் கடிக்காதா?” என்றான் ஒருவன். “சங்கிலியைப் பையன் இறுக்கிப் பிடிக்கவே இல்லையே, அணில் ஓடிப்போகாதா?” என்று கேட்டாள் ஒரு சிறுமி. அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நானும் இந்தப் படத்தைப் பல வருஷம் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். அவள் நேராகக் கைக்குப் போய்விட்டாள். சங்கிலி இரண்டு விரலுக்கு நடுவில் தளர்வாகக் கிடக்கிறது. ஏதோ நினைப்பில் இருக்கிறவன் கையில் இருப்பதை எப்படி மறந்துபோய் வைத்திருப்பானோ, அப்படி. அவனுடைய யோசனை முகத்தில் இருப்பதைவிட அந்தக் கையில்தான் அதிகம் தெரிகிறது.

இதை வரைந்தவர் ஜான் சிங்கிள்டன் கோப்லி. வரைந்த வருஷம் 1765. படத்தில் இருப்பது அவருடைய தம்பி ஹென்றி பெல்ஹாம். இந்த வாரம் அண்ணன் கதை. நடுவில் தம்பி கதையும் வந்துவிடும்.

கோப்லி பிறந்தது 1738-ல், பாஸ்டன் நகரத்தில். போன இதழில் பார்த்த ஓவியர் பெஞ்சமின் வெஸ்ட்டும் அதே வருஷம் பிறந்தவர்தான். அப்போது அமெரிக்கா என்று தனி நாடு கிடையாது. அட்லாண்டிக் கடலோரத்தில் பிரிட்டிஷ் அரசருக்குக் கீழே பதின்மூன்று குடியேற்றங்கள் இருந்தன. நம் நாட்டைப் பிரிட்டிஷார் ஆண்டதற்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே ஆண்டவர்களும் குடிமக்களில் பெரும்பாலோரும் ஒரே சீமையிலிருந்து வந்தவர்கள். அந்த மண்ணுக்கு உரிய பூர்வகுடிகளை உள்ளே உள்ளே தள்ளிவிட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்தவர்களை அடிமையாக வைத்து உண்டாக்கிய வாழ்க்கை அது.

பாஸ்டன் துறைமுகத்தில் ‘லாங் வார்ஃப்’ என்று நீளமான ஒரு கப்பல் துறை கடலுக்குள் போகும். அதன்மேலேயே கடைகளும் கிடங்குகளும் வரிசையாக இருக்கும். அங்கே கோப்லியின் அம்மா மேரி புகையிலைக் கடை வைத்திருந்தார். அயர்லாந்திலிருந்து வந்த குடும்பம். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். கயிறும் தாரும் மீனும் புகையிலையும் கலந்து வீசும் இடத்தில் வளர்ந்த பையனுக்கு ஓவியம் எங்கிருந்து வந்தது?

1748-ல் அம்மா மறுமணம் செய்துகொண்டார். வந்தவர் பீட்டர் பெல்ஹாம். லண்டனில் தொழில் படித்த செப்புத்தகட்டு ஓவியர். அதை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாததால் வீட்டிலேயே பள்ளிக்கூடமும் நடத்தினார். எழுத்து, வாசிப்பு, நடனம், தையல், கண்ணாடியில் ஓவியம் என்று சகலமும் சொல்லிக்கொடுத்தார். அம்மாவின் புகையிலை வியாபாரமும் தொடர்ந்தது. பத்து வயதுப் பையன் திடீரென்று மை வாசனை உள்ள வீட்டுக்குள் வந்து விழுந்தான்.

பெல்ஹாமின் தொழிலை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு செப்புத் தகட்டை எடுத்துக்கொள்வார்கள். பல் வைத்த ஒரு கருவியால் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே மை தடவிக் காகிதத்தை அழுத்தினால் ஒரே கறுப்பு, வெல்வெட் துணி மாதிரி. அதன் பிறகு எங்கெங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கங்கே சொரசொரப்பைச் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். வழவழப்பில் மை தங்காது. அந்த இடம் வெளுப்பாக அச்சாகும். கரும்பலகையில் நாம் சாக்பீஸால் வெள்ளையைச் சேர்க்கிறோம். இதில் கறுப்புக்குள்ளிருந்து வெளிச்சத்தை வெளியே எடுக்க வேண்டும். மூக்கு எங்கே மேடு, கன்னம் எங்கே குழி, நகத்தின் மேல் ஒளி எங்கே விழும் என்பதைக் கை தானாகவே கற்றுக்கொள்ளும்.

மூன்றே வருஷம்தான். 1751 டிசம்பரில் பெல்ஹாம் இறந்துபோனார். கோப்லிக்கு 13 வயது. தம்பி ஹென்றி இரண்டு வயதுக் குழந்தை. அம்மா ஒருவர், அப்பா வேறு. ஆனாலும் தம்பியைச் சுமக்க வேண்டிய அண்ணன் இவர்தான். வீட்டில் மிஞ்சியவை கருவிகள், அச்சுப்படங்கள், சில தகடுகள்.

அந்தத் தகடுகளில் ஒன்றை 1753-ல் கோப்லி எடுத்தார். அது பெல்ஹாம் செதுக்கிய கூப்பர் என்ற பாதிரியாரின் உருவம். தலையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த உடம்பின்மேல் வெல்ஸ்டீட் என்ற வேறொரு பாதிரியாரின் தலையைச் செதுக்கி அச்சடித்தார். கூப்பர் வெல்ஸ்டீட் ஆகிவிட்டார்! பதினைந்து வயதுப் பையன் பிழைப்புக்காகச் செய்த வேலை. இதை ஏமாற்று என்று நான் நினைக்கவில்லை. செம்பு விலை உயர்ந்தது. கையில் இருப்பதை வைத்துத்தானே குடும்பம் நடத்த வேண்டும்!

உடம்பு ஒருவருடையது, தலை இன்னொருவருடையது என்பது அந்த ஊரில் வழக்கமாகவே இருந்தது. பாஸ்டனில் ஓவியப் பள்ளி இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. பெரிய ஓவியர்களின் படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை அச்சுப்பிரதிகளாகத்தான் கப்பலில் வரும். ஊர்ப் பணக்காரப் பெண்களும் அந்த அச்சுப்படத்தில் இருக்கும் இங்கிலாந்துச் சீமாட்டி மாதிரியே தங்களை வரையச் சொல்வார்கள். பவர்ஸ் என்ற குடும்பத்துப் பெண்மணியைக் கோப்லி வரைந்த படம் ஒன்று இருக்கிறது. உடை, உட்கார்ந்த விதம், மடியில் நாய்க்குட்டி எல்லாமே லண்டனில் ரெனால்ட்ஸ் என்ற ஓவியர் வரைந்த ஒரு பிரபுகுலப் பெண்ணின் படத்திலிருந்து எடுத்தவை. முகம் மட்டும் பவர்ஸ் அம்மாளுடையது.

கறுப்பு வெள்ளையில் நிற்கும் விதத்தைக் கற்றுக்கொள்ளலாம். நிறத்தை எப்படிக் கற்றுக்கொள்வது? கோப்லிக்குக் குரு இல்லை. அதனால் எதிரில் இருக்கும் பொருளையே குருவாக வைத்துக்கொண்டார். பட்டு எப்படி மின்னுகிறது, வெல்வெட் எப்படி வெளிச்சத்தை விழுங்குகிறது, மெருகேற்றிய மேசையில் கை நிழல் எந்த நிறத்தில் விழுகிறது என்று மணிக்கணக்காகப் பார்த்தார். பதினெட்டு வயதில் உடற்கூறு நூல்களைப் பார்த்து எலும்பும் தசையும் வரைந்து ஒரு புத்தகமே தயாரித்தார். அது இன்றைக்கும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர் முன்னால் உட்கார்வது லேசான காரியம் இல்லை. வண்ணத்தைக் கத்தி முனையில் குழைத்து எடுத்து, உட்கார்ந்திருப்பவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, பொருந்துகிறதா என்று பார்ப்பாராம். முகத்தில் வெளிச்சம் படும் இடத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, கழுத்துத் துணியின் நிறம் தாடையில் பட்டுத் திரும்புகிறதே, அதற்கு ஒன்று. பிலடெல்பியாவிலிருந்து வந்த மிஃப்லின் தம்பதியை 1773-ல் வரைந்தார். திருமதி மிஃப்லின் சிறிய கைத்தறியில் ஓரக் குஞ்சம் நெய்துகொண்டிருக்கிறார். கைகளுக்காக மட்டும் அவர் இருபது முறை வந்து உட்கார்ந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கைகளைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. நூல் விரல்களுக்கிடையே இழுபட்டு நிற்கிறது.

இன்னொரு படத்தைப் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் தப்பு. கோப்லி இருபது வயது வாக்கில் ராயல் குடும்பத்தின் இரண்டு சிறுமிகளை வரைந்தார். அக்கா தங்கை. பட்டு உடை, ஒருத்தி விரலில் தேன்சிட்டு போன்ற குட்டிப் பறவை, இன்னொருத்தி மடியில் நாய்க்குட்டி. அவர்களுடைய அப்பா ஐசக் ராயல், மாசச்சூசெட்ஸ் பகுதியிலேயே அதிக அடிமைகளை வைத்திருந்தவர். ஆன்டிகுவா தீவில் கரும்புத் தோட்டமும் அந்தக் குடும்பத்துக்கு உண்டு. அந்தப் பட்டுக்கும் பறவைக்கும் பணம் கொடுத்தது கரும்பு வெட்டிய கைகள். அந்தக் கைகள் படத்தில் இல்லை. ஓவியரை அழைத்துக் கூலி கொடுக்க முடிந்தவர்கள்தான் படத்துக்குள் வருவார்கள். இந்தத் தொடரில் எந்தப் படத்தைப் பார்த்தாலும், இதில் யார் இல்லை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இருபத்தாறு, இருபத்தேழு வயதில் கோப்லி ஊரில் முதல் ஓவியர். கை நிறையச் சம்பாத்தியம். வருஷத்துக்கு முந்நூறு கினி வருகிறது, லண்டனில் தொள்ளாயிரத்துக்குச் சமம் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆனால் மனசு நிறையவில்லை. ஊர்க்காரர்கள் ஓவியத்தைத் தச்சு வேலை, தையல் வேலை, செருப்புத் தைக்கிற வேலை மாதிரி ஒரு பிழைப்பாகத்தான் நினைக்கிறார்கள் என்று அவருக்கு ஆதங்கம். (தச்சரையும் தையல்காரரையும் அவர் குறைவாக நினைத்தது எனக்கு உடன்பாடு இல்லை. கைத்தொழிலை அவர் எவ்வளவு மரியாதையாக வரைந்தார் என்று கொஞ்சநேரத்தில் பார்க்கப்போகிறோம்.) தன் படம் நல்ல படமா, இல்லை பாஸ்டனில் வேறு ஆள் இல்லாததால் நல்ல படமா? இதை யாரிடம் கேட்பது?

அதற்காகத்தான் தம்பியை உட்காரவைத்து அணில் படத்தை வரைந்தார். யாரும் காசு கொடுத்துக் கேட்ட படம் இல்லை. தனக்கு என்னென்ன வருமோ அத்தனையையும் ஒரே மேசையில் வைத்தார். தோல், பட்டு, அணிலின் மயிர், தங்கம், மரம், தண்ணீர், கண்ணாடி. கேப்டன் ப்ரூஸ் என்ற நண்பர் மூலம் லண்டனுக்கு அனுப்பினார். அட்லாண்டிக்கைத் தாண்டக் கப்பலுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பதில் வர அதே அளவு.

1766-ல் ஓவியர் சங்கக் கண்காட்சியில் படம் தொங்கியது. பட்டியலில் பெயரை ‘வில்லியம்’ என்று தப்பாகப் போட்டார்கள். அதனால் என்ன! ரெனால்ட்ஸ், ஆமாம், யாருடைய அச்சுப்படத்தைப் பார்த்துக் காப்பி அடித்தாரோ அதே ரெனால்ட்ஸ், வியந்துபோனார். நல்ல படங்களைப் பார்க்க வாய்ப்பே இல்லாத ஒருவரா இதை வரைந்தார் என்று கேட்டார். உடனே ஐரோப்பாவுக்கு வரச் சொல்லுங்கள், சின்ன ஊர்ப் பழக்கம் கையில் ஊறிப்போவதற்கு முன்னால் வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். வெஸ்ட் ஒரு குறையும் எழுதினார்: கோடுகள் கொஞ்சம் விறைப்பாக இருக்கின்றன. பார்த்தது முழுக்கச் செப்புத்தகட்டு அச்சு. விறைப்பு வராமல் என்ன செய்யும்?

மறுவருஷம் இன்னொரு படம் அனுப்பினார். பறவையும் நாயுமாக ஒரு சிறுமி. அது அடி வாங்கியது. எல்லாப் பொருளும் ஒரே அளவுக்குப் பளபளக்கிறது, கண் எங்கே நிற்பது என்றார்கள். கோப்லி வருத்தப்பட்டார். ஆனால் கிளம்பவில்லை. வயதான அம்மா, தம்பி, நிலையான வரும்படி. அவர் இயல்பிலேயே தயங்குகிறவர்.

இப்போது அடுத்த படத்துக்குப் போவோம். 1768. அணில் படத்துக்கு மூன்று வருஷம் கழித்து.

பால் ரெவியர் பாஸ்டனின் வெள்ளி வேலைக்காரர். நம் வழக்கில் தட்டார். கோப்லியின் சின்னச் சின்ன உருவப்படங்களுக்குச் சட்டமும் கூடும் செய்துகொடுத்தவர். மற்றவர்கள் எல்லாம் வெல்வெட் கோட்டும் பொய்முடியுமாக வந்து உட்கார்வார்கள். ரெவியர் வேலை செய்கிற சட்டையோடு இருக்கிறார். வெள்ளை லினன் சட்டை, கழுத்துப் பொத்தான் திறந்திருக்கிறது, சொந்த முடி. ஒரு கை தாடையில். மறு கையில் வெள்ளித் தேநீர்க் கெண்டி. மேசையில் மெல்லிய செதுக்கு உளிகள் கிடக்கின்றன. பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவர் உளியை வைக்கும் முன் பாத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், கவனித்திருக்கிறீர்களா? அந்த நிமிஷம் இது. கெண்டி முடிந்துவிட்டது; மேலே பூவேலை இன்னும் செதுக்கவில்லை. வெறும் வழவழப்பு. அந்த வழவழப்பில் ரெவியரின் விரல்கள் பிரதிபலிக்கின்றன. விரலையும் வரைந்து, வெள்ளிக்குள் வளைந்து தெரியும் விரலையும் வரைந்திருக்கிறார் கோப்லி. வெள்ளியை வரைவதற்கு வெள்ளி நிறம் என்று ஒன்று அவரிடம் இல்லை. சுற்றியுள்ள நிறங்களைச் சரியான இடத்தில் வைத்தால் கண் அதை வெள்ளி என்று ஒத்துக்கொள்கிறது.

கெண்டி சும்மா வந்து அந்தக் கையில் உட்காரவில்லை. அதற்கு முந்தைய வருஷம், 1767-ல், பிரிட்டிஷ் பாராளுமன்றம் குடியேற்றங்களில் இறக்குமதியாகும் சில பொருள்களுக்கு வரி போட்டது. கண்ணாடி, ஈயம், காகிதம், தேயிலை. கூடவே ஓவியர் குழைக்கும் வண்ணப் பொருள்களுக்கும்! எங்களைக் கேட்காமல் எப்படி வரி போடலாம் என்று பாஸ்டன் கொதித்தது. சீமைச் சரக்கை வாங்காதே, உள்ளூரில் நெய்த துணியை உடுத்து என்று பிரசாரம். நம் தாத்தா பாட்டிகள் அந்நியத் துணியை மறுத்த கதை உங்களுக்குத் தெரியும் அல்லவா, அதே வழிதான். ரெவியரின் லினன் சட்டையையும் திருமதி மிஃப்லினின் தறியையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் படம் இன்னும் பேசும். ரெவியர் எதிர்ப்பாளர் கட்சி. அவர் கையில் தேநீர்க் கெண்டி!

ஆனால் கோப்லி எந்தக் கட்சி? எந்தக் கட்சியும் இல்லை. அரசியல் சண்டை கலைக்கு நல்லதில்லை என்று எழுதியவர். பாஸ்டனில் பிரிட்டிஷ் படைத் தளபதி கேஜை அவர்தான் வரைந்தார். அந்தப் படையை விரட்டச் சொன்ன சாமுவேல் ஆடம்ஸையும் அவர்தான் வரைந்தார். தளபதிக்குப் பின்னால் அணிவகுப்பு தெரிகிறது. ஆடம்ஸின் சுட்டுவிரல் மேசையில் விரித்த சாசனத்தைக் குத்திக் காட்டுகிறது. மறு கை ஒரு காகிதச் சுருளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அணில் பையனின் தளர்ந்த விரல்களை நினைவு வைத்துக்கொண்டு இந்த முஷ்டியைப் பாருங்கள்.

ஆடம்ஸ் அப்படிக் கோபமாக நிற்கக் காரணமான நாள் 1770 மார்ச் 5. பாஸ்டன் தெருவில் பனிக்கட்டிகளை எறிந்து கத்திய கூட்டத்தின்மேல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ் என்பவர் ஆப்பிரிக்க, பூர்வகுடி வம்சாவளி. அந்தக் காட்சியை ஒருவர் படமாக வரைந்தார். யார் தெரியுமா? நம் அணில் பையன் ஹென்றி பெல்ஹாம். இப்போது அவருக்கு 21 வயது. படத்தை அச்சுக்குப் போடும் முன்பே பால் ரெவியரிடம் காட்டியிருந்தார். ரெவியர் என்ன செய்தார் தெரியுமா? அதை அப்படியே செப்புத்தகட்டில் செதுக்கி, மூன்று வாரத்துக்குள் தன் பெயரில் விற்பனைக்கு விட்டுவிட்டார். நம்பிக் கொடுத்ததை வழிப்பறி செய்வதுபோல் பறித்துவிட்டீர்கள் என்று பெல்ஹாம் மார்ச் 29 அன்று கோபமாகக் கடிதம் எழுதினார். அவருடைய சொந்த அச்சு ஒரு வாரம் கழித்து வந்தது. அதற்குள் ரெவியரின் படம் ஊரெல்லாம் பரவிவிட்டது. இன்றைக்கும் பாடப்புத்தகங்களில் இருப்பது ரெவியர் பெயர்தான். சங்கிலியைப் பிடித்திருந்த கை வரைந்தது, கெண்டியைப் பிடித்திருந்த கை எடுத்துக்கொண்டது. எனக்கு இதைப் படித்த நாளிலிருந்து அந்த இரண்டு படங்களையும் தனித்தனியாகப் பார்க்க முடிவதில்லை.

பிறகு மற்ற வரிகள் போய்விட்டன; தேயிலை வரி மட்டும் நின்றது. கோப்லி 1769-ல் சுசன்னா கிளார்க் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்திருந்தார். மாமனார் ரிச்சர்ட் கிளார்க் பெரிய வியாபாரி. 1773-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தேயிலையை விற்க பாஸ்டனில் நியமித்த ஏஜென்டுகளில் அவரும் ஒருவர். ஆமாம், நம் சென்னையில் ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஆண்ட அதே கம்பெனிதான். தேயிலை சீனாவிலிருந்து போனது.

ஊர் பொங்கி எழுந்தது. ஏஜென்டுகள் பயந்து துறைமுகத் தீவுக் கோட்டையில் ஒளிந்தார்கள். அந்த நேரத்தில் தயங்கும் சுபாவமுள்ள நம் ஓவியர் ஒரு காரியம் செய்தார். நவம்பர் 30, ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த கூட்டத்தில் எழுந்து நின்றார். நான் போய் அவர்களிடம் பேசுகிறேன், அவர்கள் வந்தால் பத்திரமாகத் திரும்ப விடுவீர்களா என்று கேட்டார். சம்மதித்தார்கள். படகில் தீவுக்குப் போனார். மாமனார் வர மறுத்தார். கொடுத்த நேரம் கடந்து, வெறுங்கையோடு திரும்பி வந்தார். டிசம்பர் 16 இரவு 342 பெட்டித் தேயிலை கடலில் போயிற்று.

அடுத்த ஏப்ரலில் ஒரு நள்ளிரவு, கூட்டம் ஒன்று கோப்லியின் வீட்டுக் கதவைத் தட்டியது. அரசர் பக்கத்து ஆள் ஒருவரை ஒளித்துவைத்திருக்கிறாயா என்று மிரட்டியது. அவர் வந்துவிட்டுப் போயிருந்தார். அவர் அன்றிரவு தங்கியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன், நண்பரைக் கொடுத்திருப்பேனா, வீட்டை இடிக்கவிட்டிருப்பேனா என்று கோப்லி கடிதத்தில் எழுதுகிறார். 1774 ஜூனில் கப்பல் ஏறினார். ரெனால்ட்ஸ் அழைத்து எட்டு வருஷம் கழித்து, வேறு காரணத்துக்காக. மறுவருஷம் போர் மூண்டது. சுசன்னா மூன்று குழந்தைகளோடு லண்டன் வந்து சேர்ந்தார். பயணம் தாங்காத கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வர நேர்ந்தது. அது பிழைக்கவில்லை.

லண்டனில் குடும்பம் சேர்ந்ததும் 1776–77-ல் எல்லோரையும் ஒரே படத்தில் வரைந்தார். மாமனார் மடியில் புதிதாகப் பிறந்த கைக்குழந்தை. நடுவில் மூத்த பெண் நேராக நிற்கிறாள். பையன் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தோடு முகம் வைத்திருக்கிறான். கோப்லி பின்னால் நிற்கிறார், கையில் காகிதங்களோடு நம்மைப் பார்த்தபடி. அமெரிக்காவில் சுமார் முந்நூற்றைம்பது உருவப்படங்கள் வரைந்தவர், அங்கே யாரையும் இப்படிக் கட்டிப்பிடித்தவர்களாக வரைந்து நான் பார்த்ததில்லை.

லண்டனில் அவர் பெரிய வரலாற்றுக் காட்சிகளுக்குத் திரும்பினார். அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் சுறா இருக்கிறது. ஹவானா துறைமுகத்தில் 1749-ல் நீந்தப்போன ப்ரூக் வாட்சன் என்ற பதினாலு வயதுப் பையனை ஒரு சுறா தாக்கியது. ஒரு கால் போயிற்று. பின்னாளில் பணக்கார வியாபாரியாகி லண்டன் மேயரும் ஆனார். கோப்லி 1778-ல் அதை வரைந்தார். ஹவானாவை அவர் பார்த்ததில்லை, சுறாவையும் பார்த்ததில்லை போலிருக்கிறது. அதற்கு உதடு மாதிரி ஏதோ இருக்கிறது! ஆனால் கைகளைப் பாருங்கள். தண்ணீரில் பையனின் ஒரு கை மேலே நீண்டிருக்கிறது. படகிலிருந்து இரண்டு பேர் எட்டிக் கை நீட்டுகிறார்கள்; இன்னும் கொஞ்சம்தான், எட்டவில்லை. எல்லோருக்கும் மேலே, படத்தின் உச்சியில் ஒரு கறுப்பின மாலுமி நிற்கிறார். அவர் கையிலிருக்கும் கயிறு பையனின் கைமேல் விழுந்திருக்கிறது. ராயல் சிறுமிகள் படத்தில் இடமில்லாமல் போனவர்களில் ஒருவருக்கு இருபது வருஷம் கழித்து இங்கே இடம் கிடைத்திருக்கிறது. கோப்லி ஏன் அப்படி வரைந்தார் என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

1815-ல் லண்டனில் இறந்தார். பாஸ்டனுக்குத் திரும்பவே இல்லை. ஹென்றி பெல்ஹாமும் அரசர் பக்கம் நின்றதால் ஊரைவிட்டு வந்து, அயர்லாந்தில் நில வரைபடங்கள் தயாரித்தார். 1806-ல் அங்கே ஒரு கோட்டைக் கோபுர வேலையை மேற்பார்வை பார்க்கப் போனபோது படகு கவிழ்ந்து இறந்துபோனார். ரெவியரின் படம் அவர் குடும்பத்தாரிடமே, ரொம்பக் காலம் பரணில் கிடந்து, 1930-ல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு வந்தது. அணில் படம் 1978-ல் அதே அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. சண்டை போட்ட இருவரும் இன்று ஒரே கட்டடத்தில்.

பிள்ளைகளே, இந்த வார வேலை: இடது கையை மேசைமேல் வைத்துக்கொண்டு வலது கையால் அதை வரையுங்கள். இடது கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். விரலில் ஒரு நூலோ ரப்பர் பேண்டோ மாட்டிக்கொண்டால் நல்லது. முதல் தடவை வாழைப்பழச் சீப்பு மாதிரிதான் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அழித்துவிடாமல் வைத்துக்கொண்டு, மறுநாள் மறுபடி உட்காருங்கள். திருமதி மிஃப்லின் இருபது தடவை உட்கார்ந்தார்.